பழம்பொருள் சேர்க்கத் தொடங்குகிறவருக்கு: அடியைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்

புதுச்சேரியில் பழம்பொருள் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் பொருளின் முகத்தைப் பார்த்து மயங்கிவிடுகிறார்கள். நீலப் பூ வேலை, பச்சை ஏறிய உலோகம், கண்ணாடிபோல் மின்னும் பாலிஷ். போலி செய்கிறவர் உழைப்பைக் கொட்டுவதும் அதே இடத்தில்தான். பீங்கான் கிண்ணத்தின் அடிவளையம், குத்துவிளக்குப் பாதத்தின் உட்குழி, மேசை இழுப்பறையின் அடிப்பலகை ஆகியவற்றை யாரும் அலங்கரிப்பதில்லை. பொருளின் வயது, செய்த கை, நடுவில் பார்த்த பழுது எல்லாம் அங்கேதான் எழுதியிருக்கும். எதைக் கையில் எடுத்தாலும் முதலில் திருப்பிப் பாருங்கள். கீழே சொல்லப்போகும் பெரும்பாலானவை இந்த ஒரு பழக்கத்தின் விரிவுதான்.

இந்தக் கரைக்கு என்னென்ன வந்தன

புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் 1945-இல் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடித் துண்டுகள் கிடைத்தன. அதே மேட்டில் இடைக்காலச் சீனப் பீங்கான் ஓடுகளும் கிடைத்திருக்கின்றன. சீனாவில் செய்த அரக்குத் திரைகள் சோழமண்டலக் கரை வழியாக ஐரோப்பாவுக்குக் கப்பலேறியதால், இன்றும் உலகச் சந்தையில் அவற்றுக்குக் 'கோரமண்டல் திரை' என்றுதான் பெயர். 1674-இல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே காலூன்றினார்கள். பின்னாளில் வியட்நாம் அடங்கிய இந்தோசீனாவும் அவர்கள் ஆட்சிக்குள் வர, புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்கள் பல சைகோனுக்கு வேலைக்குப் போயின. முத்துச்சிப்பி பதித்த பெட்டி, அரக்குப் பூச்சுத் தட்டு, நீல வெள்ளைக் கிண்ணம் என்று வியட்நாம் பக்கத்துச் சரக்கு இந்த ஊரில் கண்ணில் பட்டால் ஆச்சரியப்பட வேண்டாம்.

வீடு பாகம் பிரியும்போதும் பழைய வீட்டை இடிக்கும்போதும் இவை சந்தைக்கு வருகின்றன. காந்தி வீதி ஞாயிறு சந்தையில் சில்லறைச் சாமான்கள் கிடைக்கும். மர வேலைக்குக் கோட்டக்குப்பம், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் கடைகள் இருக்கின்றன. வெண்கலம், பித்தளைக்குக் கடலூர் முதுநகர், திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கத்துப் பழைய பாத்திரக் கடைகளையும் ஒரு சுற்று பாருங்கள்.

வாங்குவதற்கு முன் இரண்டு மூன்று மாதம் பார்ப்பது மட்டும் போதும். புனித லூயி வீதி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருள்களும் பழைய பிரெஞ்சு மரச்சாமான்களும் இருக்கின்றன. உலோகச் சிற்பத்துக்கு எழும்பூர் அருங்காட்சியகத்தின் செப்புத்திருமேனிக் கூடத்துக்கு இணை இல்லை. நல்லதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு மோசமானது தானாக உறுத்தும்.

சாமி சிலையைத் தொடாதீர்கள்

புதியவர்களுக்கு நாங்கள் உறுதியாகச் சொல்வது இது. சாமி சிலை, கல் சிற்பம், தேர்ச் சிற்பம், கோயில் கதவுத் துண்டு எதுவும் வேண்டாம். விலை மலிவாக இருந்தால் இன்னும் வேண்டாம்.

தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டம் 1972-இல் இயற்றப்பட்டு, 1976 ஏப்ரல் 5 முதல் நடைமுறையில் இருக்கிறது. 100 ஆண்டு கடந்த கலைப்பொருள் தொல்பொருள். வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள சுவடிகளுக்கு 75 ஆண்டு போதும். கல், சுடுமண், உலோகம், தந்தம், எலும்பு இவற்றில் செய்த சிற்பங்கள், ஓவியங்கள், படம் வரைந்த சுவடிகள், செதுக்கிய மரச் சிற்பங்கள் ஆகியவற்றை வைத்திருப்பவர் தொல்லியல் துறையின் பதிவு அலுவலரிடம் பதிவு செய்தாக வேண்டும். கை மாறினால் அதையும் அவருக்குத் தெரிவிக்க வேண்டும். தொல்பொருள் விற்கிறவருக்கு உரிமம் வேண்டும். உரிம எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது, கேளுங்கள்.

அதே புனித லூயி வீதியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950-களிலிருந்து தமிழகக் கோயில்களைப் படம் எடுத்து, லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைப் பாதுகாத்து வைத்திருக்கிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராசர் ஆஸ்திரேலியா வரை போய் 2014-இல் திரும்பி வந்ததற்கு அந்தப் படங்களும் ஒரு சாட்சி. திருடிய சிலை என்றாவது அடையாளம் காணப்படும். அன்று அது யார் வீட்டில் இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆசை இருந்தால் சுவாமிமலை ஸ்தபதிகளிடம் புதுச் சிலை வார்த்து, ரசீதோடு வாங்குங்கள். மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருச் செய்து, காவிரி வண்டல் பூசி வார்க்கும் அதே பழைய முறைதான் இன்றும்.

அரிக்கமேட்டில் மழைக்குப் பின் மணியும் பானை ஓடும் தலைகாட்டும். அது பாதுகாக்கப்பட்ட இடம். ஒரு ஓட்டைக்கூட எடுத்துவரக் கூடாது. நகர்த்திய ஓடு வெறும் ஓடு. கிடந்த அடுக்கில் இருந்தால்தான் அது வரலாறு.

தந்தம் பதித்த பெட்டி, ஆமையோட்டுச் சீப்பு இரண்டும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டும், எவ்வளவு பழையதாக இருந்தாலும். எலும்பா தந்தமா என்று லென்ஸில் பார்க்கலாம். தந்தத்தின் குறுக்குவெட்டில் கோடுகள் வலைபோல் ஒன்றையொன்று வெட்டிப் போகும். எலும்பில் சிறு கரும்புள்ளிகளும் கீறல்களும் இருக்கும். தந்தம் என்று சந்தேகம் வந்தாலே விட்டுவிடுங்கள்.

பிரான்சில் உறவினர் உள்ள குடும்பங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. 100 ஆண்டு ஆகாத பொருளானாலும் பார்வைக்குப் பழையதாக இருந்தால் விமான நிலையத்தில் நிறுத்துவார்கள். புறப்படுவதற்கு முன்பே தொல்லியல் துறையிடம் பொருளைக் காட்டி, தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பையில் இருக்க வேண்டியவை

10 மடங்கு பெருக்கும் நகைக்கடை லென்ஸ். 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச். சாதாரண டார்ச், சிறு காந்தம், டேப், கொக்கித் தராசு, நோட்டு. பீங்கானைக் கையுறை போட்டு எடுக்காதீர்கள், வழுக்கும். மோதிரத்தைக் கழற்றிவிட்டு, கழுவித் துடைத்த வெறுங்கையால் எடுங்கள். கைப்பிடியையோ விளிம்பையோ பிடித்துத் தூக்காமல் ஒரு கையை அடியில் கொடுங்கள். மூடி இருந்தால் அதை முதலில் தனியே எடுத்து வையுங்கள்.

பீங்கான்

கிண்ணத்தைக் கவிழ்த்து அடிவளையத்தை லென்ஸில் பாருங்கள். தரையில் உட்காரும் அந்த விளிம்பில் பெரும்பாலும் மெருகு, அதாவது கண்ணாடிபோன்ற மேற்பூச்சு, இருக்காது, சுட்ட மண் வெளியே தெரியும். பழைய கிண்ணத்தில் அந்த விளிம்பு பல ஆண்டு தேய்ந்து மழமழப்பாக இருக்கும், அழுக்கு மண்ணின் துளைக்குள் ஊறியிருக்கும். சூளையில் ஒட்டிய மணல் பருக்கைகள் சிலவற்றில் அப்படியே இருக்கும். மெருகு முடிந்து மண் தொடங்கும் கோட்டில் சில சமயம் செம்பழுப்பு ஓரம் காணலாம். போலியில் இந்த அழுக்கைத் தேயிலைச் சாயத்தாலோ செம்மண்ணாலோ பூசியிருப்பார்கள். ஈரத் துணியால் துடைத்தால் சாயம் துணிக்கு வந்துவிடும். வராவிட்டாலும், எல்லா இடத்திலும் ஒரே அளவாகப் பரவியிருந்தால் சந்தேகப்படுங்கள். உண்மை அழுக்கு ஒரே சீராக ஏறாது.

அடுத்து உட்பக்கக் கீறல்கள். சோறும் கரண்டியும் புழங்கிய கிண்ணத்தில் கீறல்கள் எல்லாத் திசையிலும் குறுக்கும் நெடுக்குமாக, சில ஆழமாக, சில மயிரிழையாக ஓடும். உப்புத்தாளால் தேய்த்துப் பழசாக்கியதில் எல்லாம் ஒரே பக்கம் போகும்.

நீலக் கோட்டை லென்ஸில் பாருங்கள். தூரிகையால் இழுத்த கோடு தொடக்கத்தில் அடர்ந்து, முடிவில் மெலியும். கோடு ஒன்றின்மேல் ஒன்று ஏறிய இடம் கருக்கும். சீரான சிறு புள்ளிகளால் நிறம் ஆகியிருந்தால் அது அச்சிட்டு ஒட்டிய படம்.

பிறகு ஒலி. கிண்ணத்தை உள்ளங்கையில் நிறுத்தி விளிம்பை நகத்தால் சுண்டுங்கள். நல்ல பீங்கான் 'ணங்' என்று நீளும். விரிசல் இருந்தால் 'டக்' என்று அடங்கும். ஒட்டுப்போட்டு வண்ணம் அடித்த பழுது கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். இருட்டில் புற ஊதா டார்ச் அடித்தால், பல நேரம் பசையும் மேல்வண்ணமும் மற்ற இடத்திலிருந்து வேறாக ஒளிரும். விரலால் தடவினாலும் தெரியும், மெருகு குளிரும், பசை அவ்வளவு குளிராது.

கடைசியாகத்தான் அடியிலுள்ள முத்திரை. புதியவர் முதலில் பார்ப்பதும் அதிகம் ஏமாறுவதும் இதில்தான். ஆறு சீன எழுத்து இருந்தால் அரசன் காலத்துப் பொருள் என்று சொல்லி விற்பார்கள். 1662 முதல் 1722 வரை ஆண்ட காங்சி காலத்துக் குயவர்களே, 15-ஆம் நூற்றாண்டுச் செங்குவா அரசனின் பெயரை மரியாதைக்காக எழுதினார்கள். நேற்றுச் செய்த கிண்ணத்திலும் அதே எழுத்து இருக்கும். அடிவளையமும் கீறலும் கோடும் ஒத்துவந்த பிறகு முத்திரை துணைச் சாட்சி, அவ்வளவே. அதைவிட நம்பத்தக்கது ஆங்கில எழுத்து. அமெரிக்கா 1890-இல் கொண்டுவந்த மெக்கின்லி சுங்கச் சட்டத்துக்குப் பின், 1891 முதல், அங்கே இறக்குமதியாகும் சரக்கில் நாட்டின் பெயர் எழுத வேண்டியதாயிற்று. ஆங்கிலத்தில் 'சைனா' என்று இருந்தால் அதற்குப் பிந்தியது என்று கொள்ளலாம். 'நிப்பான்' என்றால் பெரும்பாலும் 1891-க்கும் 1921-க்கும் இடைப்பட்டது, பிறகு 'ஜப்பான்'. 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது' என்று ஆங்கிலத்தில் இருந்தால் இரண்டாம் உலகப் போர் முடிந்து 1952 வரை.

பெரிய பழுப்பு ஜாடிகளுக்குப் பர்மாத் துறைமுகத்தின் பெயரால் மார்த்தபான் என்று பெயர், ஆனால் அப்படி அழைக்கப்படுபவற்றில் தென்சீனாவில் செய்தவையும் உண்டு. தோளிலுள்ள காதுகளில் கயிறு தேய்த்த தடம் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய மெருகில் ஈயம் இருக்கலாம், அதனால் இவற்றில் ஊறுகாய் போட வேண்டாம்.

கழுவும்போது பிளாஸ்டிக் தொட்டியில் துண்டு விரித்து, வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டுத் திரவ சோப்பு விட்டு, ஒவ்வொன்றாகக் கழுவுங்கள். ஒட்டுப்போட்டது, பொன் பூச்சு உள்ளது, மெருகில்லாதது எதையும் நனைக்கக் கூடாது. விரிசல் கறைக்கு பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள். கறை வெளுக்கும், ஆனால் உள்ளே தங்கும் உப்பு பிறகு மெருகைத் தூக்கிவிடும்.

வெண்கலம், பித்தளை

தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் இல்லை. சொம்பு, கூஜா, உருளி, தூக்கு விளக்கு, வெற்றிலைச் செல்லம், பாக்குவெட்டி, சுண்ணாம்பு டப்பி எல்லாம் நம் வீட்டுப் பொருள்கள், நமக்கு இவற்றின் புழக்கம் தெரியும். போலியும் ஒப்பீட்டில் குறைவு.

முதலில் காந்தம் வையுங்கள். ஒட்டினால் இரும்பின்மேல் பித்தளை முலாம். பிறகு தட்டிப் பாருங்கள். செம்பும் வெள்ளீயமும் ஏறத்தாழ 78-க்கு 22 சேர்ந்த வெண்கலம் நீண்டு ஒலிக்கும். செம்பும் துத்தநாகமும் சேர்ந்த பித்தளை சீக்கிரம் அடங்கும். வெண்கலம் விழுந்தால் உடையும், பித்தளை நெளியும். அன்றைக்குப் பழைய பித்தளை, வெண்கலம் கிலோ என்ன விலைக்கு எடுக்கிறார்கள் என்று பாத்திரக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். எடையை அதனால் பெருக்கினால் வருவது அடிவிலை. அதற்கு மேல் கொடுப்பது வேலைப்பாட்டுக்கும் வயதுக்கும். எவ்வளவு மேலே போகிறோம் என்று தெரிந்து பேசலாம்.

குத்துவிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பாதம், தண்டு, அகல், அன்னம் என்று திருகிச் சேர்த்திருப்பார்கள். கையால் வெட்டிய பழைய மரை தடிப்பாக, சற்றே கோணலாக இருக்கும், தன் ஜோடியில் மட்டுமே சரியாக உட்காரும். இயந்திர மரை மெலிதாக, ஒரே சீராக ஓடும். பாதத்தின் உட்குழியில் கடைசல் வளையங்களும், மூட்டு இடுக்கில் கல்லாய் இறுகிய எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் நல்ல அறிகுறி. தண்டு பழையது, பாதம் புதியது என்பது அடிக்கடி நடக்கும். இரண்டின் நிறத்தையும் உட்பக்கத்தில் ஒப்பிடுங்கள்.

சீர் பாத்திரங்களில் பெயர் வெட்டியிருப்பார்கள், சிறு உளியால் புள்ளி புள்ளியாக. இதை லென்ஸில் நிதானமாகப் பாருங்கள். 'லை', 'ணை' போன்ற எழுத்துகள் பழைய துதிக்கை வடிவில் இருந்தால், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் எழுதப் பழகியவர் கை அது. அதை மட்டும் வைத்து வயதை முடிவு செய்ய முடியாது, அதற்குப் பிறகும் பழைய வடிவிலேயே வெட்டிய பாத்திரக்காரர்கள் உண்டு. ஆனால் புள்ளியின் குழிக்குள் பாத்திரத்தின் மற்ற பகுதிபோலவே கருமை இருக்க வேண்டும். எழுத்து மட்டும் மஞ்சளாகப் பளிச்சிட்டால் புதிதாக வெட்டியது. பெயர் இருக்கிறதே என்று விலையைக் குறைக்கக் கேட்காதீர்கள், அழிக்கவும் சொல்லாதீர்கள். யாருக்கோ கல்யாணத்துக்குக் கொடுத்த சொம்பு அது. அந்தப் பெயர்தான் அதன் ஊரும் குலமும்.

பச்சை நிறத்தில் இரண்டு வகை உண்டு. கெட்டியான, வழவழப்பான கரும்பச்சை பொருளைக் காக்கும், விட்டுவிடுங்கள். வெளிர்பச்சை மாவுபோல் பொங்கி, துடைத்த பிறகும் வந்தால் அது நோய். உப்பிலுள்ள குளோரைடு செம்போடு சேர்ந்து, ஈரம் பட்டதும் அமிலமாகி, மறுபடி செம்பையே அரிக்கிறது. கடற்கரை ஊரில் இது சீக்கிரம் பிடிக்கும். சந்தேகம் இருந்தால் மென்மையான தூரிகையால் மாவைத் தட்டிவிட்டு, வெள்ளைத் தாள் மேல் ஒரு வாரம் வையுங்கள். தாளில் மறுபடி பச்சைத் தூள் விழுந்தால் நோய் உறுதி. அதை மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, உலோகப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானால் ஈரம் குடித்துவிட்டது, மின் அடுப்பில் (ஓவன்) 120 டிகிரி செல்சியஸுக்குள் இரண்டு மூன்று மணி நேரம் சூடாக்கினால் திரும்ப வேலை செய்யும்.

புளி போட்டுத் தேய்க்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தினம் ஏற்றும் விளக்குக்குத் தேய்க்கலாம். சேகரிப்புக்கு வாங்கியதைத் தேய்க்காதீர்கள். புளியின் அமிலம் மேல்தோலை எடுத்துவிடும், நுண்ணிய வேலைப்பாடு வருடா வருடம் மழுங்கும். உலர்ந்த பருத்தித் துணி போதும்.

மரச்சாமான்

புதுச்சேரிப் பக்கம் தேக்கும் தோதகத்தியும் (ரோஸ்வுட்) அதிகம். இழுப்பறையை முழுதாக வெளியே இழுத்துக் கவிழ்த்து வையுங்கள். கையறுவை என்றால் இரம்பத் தடம் நேர்க்கோடாக, ஒழுங்கற்றுப் போகும். வட்ட இரம்பம் என்றால் வில்போல் வளைந்த தடம் இருக்கும். ஓரத்தை விசிறிபோல் வெட்டிக் கோக்கும் டவ்டெயில் மூட்டில், கையால் வெட்டியவை ஒன்றுக்கொன்று சற்று மாறியிருக்கும். ஒட்டுப்பலகை (பிளைவுட்) இருந்தால் அந்தப் பகுதியாவது பெரும்பாலும் 20-ஆம் நூற்றாண்டோ அதற்குப் பிந்தியதோதான். கூட்டல் குறி போன்ற தலையுள்ள திருகாணி 1930-களுக்குப் பிந்தியது. அது பழுது பார்த்ததாகவும் இருக்கலாம், எனவே மற்ற ஆணிகளையும் பாருங்கள்.

வட்ட மேசையை இரு திசையில் டேப் வைத்து அளங்கள். மரம் இழைக்குக் குறுக்கே சுருங்கும், நெடுக்கே ஏறக்குறைய சுருங்காது. அதனால் பழைய வட்டம் சில மில்லிமீட்டர் நீள்வட்டமாகியிருக்கும். இரு திசையும் துல்லியமாக ஒன்றானால் யோசியுங்கள்.

உளுத்த துளைகளைக் கவனியுங்கள். துளைக்குக் கீழே வெளிர் மாவு புதிதாகக் கொட்டியிருந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது, வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். துளை வட்டமாகத் தெரியாமல் மேற்பரப்பில் வாய்க்கால்போல் நீளமாகத் திறந்து கிடந்தால், அந்தப் பலகையைப் பின்னாளில் அறுத்திருக்கிறார்கள். பழைய கதவை அறுத்து மேசையாக்குவது இங்கே பெரிய தொழில். அழகான மேசைகள், தாராளமாக வாங்குங்கள். ஆனால் பழங்கால மேசை என்ற விலைக்கு வாங்காதீர்கள்.

தோதகத்தி என்று சொல்லி மலிவு மரத்தில் சாயம் ஏற்றுவதும் உண்டு. கண்ணுக்குப் படாத இடத்தில், கடைக்காரர் அனுமதியோடு, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தடவுங்கள். பஞ்சில் அடர்நிறம் ஏறினால் சாயம். பூச்சு பிசுபிசுத்தால் அரக்கில் செய்த பழைய பாலிஷ், எதுவும் ஆகாவிட்டால் அண்மைக்காலச் செயற்கைப் பூச்சு. சாய்வு நாற்காலியில் பிரம்பு புதிதாக இருப்பது குறையல்ல, அது அவ்வப்போது மாற்றுவதுதான். சட்டத்தில் வரிசையாகத் துளையிட்டுக் கையால் பின்னியதா, நீளப் பள்ளமாகக் காடி வெட்டி ஆயத்தப் பின்னல் விரிப்பை அழுத்தியதா என்று மட்டும் பாருங்கள். கையால் பின்னியதற்கே மதிப்பு.

சிப்பி பதித்த பெட்டிகளில் நல்ல வேலை என்றால் துண்டுகள் ஒன்றுபோல் ஒன்று இராது, மேலே நுண்கோடு செதுக்கியிருக்கும், தொட்டால் குளிரும். அரக்குப் பூச்சுப் பொருள்களை வெயில் படும் சன்னலிலும் ஏசி காற்று நேரே படும் இடத்திலும் வைத்தால் வெடிக்கும்.

வாங்கும் நாள்

முதல் நாளே பணம் கொடுக்காதீர்கள். அடி, உட்பக்கம், பழுது மூன்றையும் படம் எடுத்துவந்து இரண்டு நாள் பாருங்கள். ரசீதில் பொருளின் பெயர், மரம் அல்லது உலோகம், அளவு, விற்கிறவர் சொல்லும் வயது, தெரிந்த பழுது எல்லாம் எழுதச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லில் 200 வருடம் என்றவர் ரசீதில் எழுதத் தயங்கினால் அதுவே விடை. எங்கிருந்து வந்தது என்றும் கேளுங்கள். 'பெரிய வீட்டுச் சாமான்' என்பது பதில் ஆகாது, எந்த ஊர், எப்போது எடுத்தது என்று வேண்டும்.

பீங்கானைப் பேருந்தில் கொண்டுவர நேர்ந்தால், மெல்லிய வெள்ளைத்தாளில் சுற்றி ஒரு பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டியை இன்னொரு பெட்டிக்குள் சுற்றிலும் 5 சென்டிமீட்டர் பஞ்சோ துணியோ வைத்து இறக்குங்கள். செய்தித்தாளின் மை மெருகில்லாத இடத்தில் ஏறிவிடும்.

வீட்டில் ஒரு பதிவேடு போடுங்கள். வரிசை எண், தேதி, விற்றவர், விலை, அளவு, எடை, அடிப்பக்கப் படம், ரசீது. எண்ணைப் பொருளின்மேல் மார்க்கரால் எழுத வேண்டாம், ஸ்டிக்கரும் ஒட்ட வேண்டாம், பருத்தி நூலில் சீட்டுக் கட்டுங்கள். அலமாரியைக் கடல் பார்த்த சன்னலுக்கு எதிர்ச்சுவரில், சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போடுங்கள், ஈரம் சுவர் வழியாகத்தான் ஏறும். 2011-இல் 'தானே' புயல், 2024-இல் 'பெஞ்சல்' புயல் என்று இந்தக் கரை புயல் பார்த்த கரை. ஐப்பசி பிறக்குமுன் மரச்சாமானின் கால்களைக் கல் கட்டைமேல் ஏற்றி, கீழ்த்தட்டுப் பீங்கானை மேல்தட்டுக்கு மாற்றி, பதிவேட்டின் ஒரு பிரதியை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள்.